குவாண்டம் புள்ளிகளும் ஒளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்தித் துகள். அதற்குள் ஒளி நுழைந்தால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம். பிளஸ் டூ இயற்பியலில் இணைதிறன் பட்டை, கடத்துப் பட்டை என்று படித்தது ஞாபகம் இருந்தால் போதும். வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒளிக்குழி, போலாரிட்டான் பகுதிகளுக்குப் போகும் முன் எக்ஸிட்டான் பற்றிய பதிலை ஒருமுறை பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவை பிடிபடாது.

ஒரே பொருள்தான், அளவு மட்டும்தான் மாறுகிறது. நிறம் எப்படி மாறும்?

காட்மியம் செலினைடை எடுத்துக்கொள்வோம். அதன் இணைதிறன் பட்டைக்கும் கடத்துப் பட்டைக்கும் நடுவே 1.74 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளி இருக்கிறது. அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஃபோட்டான் வந்தால் படிகம் கண்டுகொள்ளாது. கூடுதலாக இருந்தால் ஒரு எலக்ட்ரான் மேலே ஏறும், கீழே அதன் இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தைத் துளை என்கிறோம். எலக்ட்ரான் திரும்ப இறங்கித் துளையை நிரப்பும்போது ஒளி வெளியே வரும்.

படிகத்தை இரண்டாக உடைத்தாலும், உரலில் இட்டுத் தூளாக்கினாலும் இந்த 1.74 அப்படியே இருக்கும். சுமார் 10 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. எலக்ட்ரான் ஒரு அலை. அலையைச் சிறிய இடத்தில் அடைத்தால் அலைநீளம் குறையும், உந்தம் கூடும், அதனால் இயக்க ஆற்றலும் கூடும். இடத்தின் விட்டத்தைப் பாதியாக்கினால் இந்தக் கூடுதல் ஆற்றல் நான்கு மடங்காகும். துளைக்கும் இதே கதிதான். இரண்டின் கூடுதலும் பட்டை இடைவெளியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் 6 நானோமீட்டர் துகள் சிவப்பாக ஒளிர்கிறது, 2 நானோமீட்டர் துகள் நீலத்துக்குப் போய்விடுகிறது. சாயம் எதுவும் சேர்க்கவில்லை, வேதிச் சேர்மமும் மாறவில்லை.

கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். போட்டுப் பார்த்தால் அதன் குறையும் தெரியவரும்.

4 நானோமீட்டர் விட்டமுள்ள காட்மியம் செலினைடு உருண்டை என்று வையுங்கள், ஆரம் 2. உள்ளே எலக்ட்ரானின் பயனுறு நிறை, அதாவது படிகத்துக்குள் அது காட்டும் நிறை, சாதாரண எலக்ட்ரான் நிறையில் 0.13 பங்கு, துளைக்கு 0.45 பங்கு. இரண்டையும் ஒரே துகள் போலக் கணக்கிட உதவும் குறைநிறை ஏறக்குறைய 0.10. உருண்டைக்குள் அடைபட்டதால் வரும் இயக்க ஆற்றல் சுமார் 0.93 எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அதில் 0.12 போல் கழியும். ஆக 1.74 கூட்டல் 0.93 கழித்தல் 0.12, மொத்தம் 2.55. எலக்ட்ரான்வோல்ட்டை அலைநீளமாக்க 1240-ஐ அதால் வகுக்க வேண்டும். 486 நானோமீட்டர் வருகிறது, அதாவது நீலம்.

ஆனால் உண்மையான 4 நானோமீட்டர் துகளை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் முதல் உட்கவர்தல் முகடு 590-ஐ ஒட்டி நிற்கும். கணக்கு நூறு நானோமீட்டர் தள்ளிப்போய்விட்டது! துகளின் சுவர் முடிவில்லாத உயரம் என்று கொண்டதும், பயனுறு நிறை எல்லா ஆற்றலிலும் ஒன்றே என்று கொண்டதும்தான் காரணம். நிஜத்தில் எலக்ட்ரான் அலை சுவருக்கு வெளியே கொஞ்சம் கசிகிறது, மேலே போகப்போகக் கனமாகவும் ஆகிறது. இரண்டுமே ஆற்றலைக் குறைக்கும். இதே கணக்கை 6 நானோமீட்டருக்குப் போட்டால் 600 வரும், அளவீடு 640 அருகே சொல்லும். துகள் பெரிதாகப் பெரிதாக சூத்திரம் நேர்வழிக்கு வருகிறது. தேர்வில் இந்தச் சூத்திரத்தை எழுதிவிட்டு அதுவே இறுதி உண்மை என்று நம்புகிறவர்கள் நிறைய பேர். போக்கைச் சொல்ல அது அருமையான சூத்திரம். துகளின் அளவைத் துல்லியமாகச் சொல்ல உதவாது.

எக்ஸிட்டான் என்பது என்ன?

மேலே ஏறிய எலக்ட்ரானும் கீழே உள்ள துளையும் எதிரெதிர் மின்சுமை கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜோடியாகச் சுற்றினால் அது எக்ஸிட்டான். யாக்கோவ் ஃப்ரெங்கெல் 1931-இல் இந்தக் கருத்தைச் சொன்னார். குறைக்கடத்திகளுக்குப் பொருந்தும் தளர்வான ஜோடியை 1937-இல் கிரெகரி வானியர் விளக்கினார். 1952-இல் லெனின்கிராடில் எவ்கேனி குரோஸ் குப்ரஸ் ஆக்சைடின் நிறமாலையை எடுத்தபோது ஹைட்ரஜனுக்கு வருவது மாதிரியே கோடுகள் வரிசை கட்டி நின்றன. அதன் பிறகு சந்தேகப்பட இடமில்லாமல் போயிற்று.

கணிதத்தில் இது ஹைட்ரஜன் அணுவேதான், எண்கள் மட்டும் வேறு. ஹைட்ரஜனில் பிணைப்பாற்றல் 13.6 எலக்ட்ரான்வோல்ட், போர் ஆரம் 0.053 நானோமீட்டர். காலியம் ஆர்சனைடில் உள்ள எக்ஸிட்டானுக்குப் பிணைப்பாற்றல் வெறும் 4 மில்லி எலக்ட்ரான்வோல்ட், ஆரம் 12 நானோமீட்டருக்குப் பக்கம். படிகத்தின் மின்காப்பு மாறிலி ஈர்ப்பை மழுங்கடிக்கிறது, எலக்ட்ரானின் பயனுறு நிறையும் குறைவு, அதனால் ஜோடி இவ்வளவு ஊதிப்போகிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 26 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அதன் முன்னால் 4 எம்மாத்திரம்? சாதாரணக் காலியம் ஆர்சனைடு கட்டியில் அறை வெப்பநிலையில் எக்ஸிட்டான் நிலைக்காது.

துகள் எவ்வளவு சிறிதானால் குவாண்டம் விளைவு தெரியும் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. எக்ஸிட்டானின் ஆரத்தோடு ஒப்பிட வேண்டும். காட்மியம் செலினைடில் அது 5, 6 நானோமீட்டர். லெட் சல்பைடில் 20-ஐ நெருங்கும், எனவே அங்கே கொஞ்சம் பெரிய துகளே போதும். எல்லாப் பொருளுக்கும் பொதுவாக ஒரு எல்லை கிடையாது.

குவாண்டம் கிணறு, கம்பி, புள்ளி: என்ன வித்தியாசம்?

எத்தனை திசையில் அடைக்கிறோம் என்பதுதான். ஒரு திசையில் அடைத்தால் கிணறு, இரண்டில் கம்பி, மூன்றிலும் அடைத்தால் புள்ளி.

கிணற்றைத்தான் முதலில் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அலுமினியம் கலந்த காலியம் ஆர்சனைடு அடுக்குகளின் நடுவே மெல்லிய காலியம் ஆர்சனைடு அடுக்கை வளர்த்தால் எலக்ட்ரான் அந்த நடு அடுக்கில் மாட்டிக்கொள்ளும். 1974-இல் பெல் ஆய்வகத்தில் ரேமண்ட் டிங்கிளும் கூட்டாளிகளும் அப்படிப்பட்ட கிணறுகளின் உட்கவர்தலை அளந்தபோது, வழுவழுப்பாக ஏற வேண்டிய வளைகோடு படிப்படியாக ஏறியது. பாடப்புத்தகத்தில் பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்று ஒரு கணக்கு வருமே, அது காகிதத்தை விட்டு வெளியே வந்து நிற்பதை அந்தப் படத்தில் பார்க்கலாம்.

கம்பியைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை.

தங்க நானோ துகள் சிவப்பாகத் தெரிவதும் இதே காரணத்தாலா?

இல்லை. அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது. தங்கம் உலோகம், அதில் பட்டை இடைவெளியே இல்லை. துகளில் உள்ள கடத்து எலக்ட்ரான்கள் எல்லாம் கூட்டமாக ஒளியின் மின்புலத்தோடு ஆடுவதால் வரும் நிறம் அது. பிளாஸ்மான் என்று பெயர். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள லைகர்கஸ் கோப்பை, நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடி, வெளியிலிருந்து ஒளி விழுந்தால் பச்சையாகவும் உள்ளேயிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் தெரியும். காரணம் அதில் கலந்திருக்கும் தங்க, வெள்ளித் துகள்கள். ரோமானியர்களுக்குக் குவாண்டம் புள்ளி தெரியும் என்று சொல்லும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

சிலிக்கான்தான் எங்கும் இருக்கிறதே, அதில் ஏன் குவாண்டம் புள்ளி செய்வதில்லை?

சிலிக்கானில் எலக்ட்ரான் இறங்க வேண்டிய இடமும் துளை இருக்கும் இடமும் உந்தத்தில் வேறுவேறு. ஃபோட்டானிடம் அந்த உந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் அளவுக்குச் சரக்கு இல்லை, படிக அதிர்வும் சேர்ந்து உதவ வேண்டும். அதனால் ஒளி உமிழ்வது மிக மெதுவாக நடக்கிறது, அதற்குள் ஆற்றல் வெப்பமாக ஓடிவிடுகிறது. சிலிக்கான் நானோ படிகங்கள் ஒளிரத்தான் செய்கின்றன. ஆனால் ஒளி வேலைக்குக் காலியம் ஆர்சனைடு, இண்டியம் பாஸ்பைடு வகையறாவோடு போட்டி போட முடியாது.

குவாண்டம் புள்ளிகளை யார் கண்டுபிடித்தார்கள்?

இருவர், ஒருவரையொருவர் அறியாமல்.

லெனின்கிராடில் வாவிலோவ் அரசு ஒளியியல் நிறுவனத்தில் அலெக்ஸி எகிமோவ் நிறக்கண்ணாடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். காப்பர் குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை, ஒரு மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரை சூடாக்கிப் பார்த்தார். கண்ணாடிக்குள் குட்டிக் குட்டிப் படிகங்கள் உருவாயின, சில 2 நானோமீட்டர், சில 30. பெரியவை வழக்கமான காப்பர் குளோரைடாக ஒளியை உட்கவர்ந்தன. சிறியவற்றின் உட்கவர்தல் நீலப் பக்கம் நகர்ந்தது. 1981-இல் சோவியத் இதழில் வெளியிட்டார். அதன் கோட்பாட்டை அலெக்சாண்டர் எஃப்ரோஸ் 1982-இல் எழுதினார். இந்த விஷயம் சோவியத் வாசகர்களைத் தாண்டிப் போக நாளாயிற்று.

1983-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூஸ் காட்மியம் சல்பைடு துகள்களைக் கரைசலில் வைத்து வேதிவினைகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். சில நாள் மேசையில் கிடந்த கரைசலின் ஒளியியல் குணம் மாறியிருந்தது. துகள்கள் வளர்ந்துவிட்டன. அளவுதான் காரணமோ என்று யோசித்துச் சிறியதையும் பெரியதையும் ஒப்பிட்டார். மேலே நாம் போட்ட கணக்கு அவர் கொடுத்த சூத்திரம்தான்.

2023 வேதியியல் நோபல் இந்த இருவருக்கும் மவுங்கி பவெண்டிக்கும் போனது. பவெண்டி முன்பு புரூஸிடம் ஆய்வாளராக இருந்தவர். அக்டோபர் 4 அன்று அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பே சுவீடன் பத்திரிகைகளுக்கு மின்னஞ்சல் தவறிப் போய்ச் சேர்ந்து, பெயர்கள் கசிந்துவிட்டன.

சரி, எப்படிச் செய்கிறார்கள்?

இரண்டு உலகங்கள் இருக்கின்றன, ஒன்று குடுவை, மற்றது வெற்றிட அறை.

குடுவை வழி பவெண்டியின் குழு எம்ஐடியில் 1993-இல் வெளியிட்டது. கொதிக்கும் நிலையை ஒட்டிய, ஏறக்குறைய 300 டிகிரியில் உள்ள ஒரு பிசுபிசுப்பான கரைப்பானில், குளிர்ந்த காட்மியம், செலினியம் கரைசலை ஊசியால் ஒரேயடியாகச் செலுத்துவார்கள். அந்தக் கணத்தில் கோடிக்கணக்கான படிக விதைகள் ஒன்றாக முளைக்கும். குளிர்ந்த கரைசல் விழுந்ததால் வெப்பநிலை சட்டென்று இறங்க, புது விதை முளைப்பது நின்றுவிடும். பிறகு மறுபடி சூடேற்றினால் ஏற்கெனவே முளைத்தவை மட்டும் ஒரே சீராக வளரும். எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்ததால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. இந்த முறையின் சூட்சுமம் முழுக்க அந்த ஓர் ஊசிக் குத்தில் இருக்கிறது. குடுவையின் நிறம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கண்ணெதிரே மாறிக்கொண்டே போகும். வேண்டிய நிறத்தில் கொஞ்சம் எடுத்துக் குளிரவைத்து, புற ஊதா டார்ச் அடித்தால் போதும், துகளின் அளவை உத்தேசமாகச் சொல்லிவிடலாம். முதலில் பயன்படுத்திய டைமெத்தில் காட்மியம் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், கொடிய நஞ்சும்கூட. பிறகு காட்மியம் ஆக்சைடுக்கு மாறியதால்தான் இந்த வேலை சாதாரணக் கல்லூரி ஆய்வகங்களுக்கும் வந்தது.

வெற்றிட அறையில் நடப்பது வேறு. காலியம் ஆர்சனைடு தகட்டின் மேல் இண்டியம் ஆர்சனைடை அணு அடுக்காகப் படிய விடுவார்கள். இரண்டிலும் அணுக்கள் வரிசையாக நிற்கும் இடைவெளி ஏழு சதவீதம் பொருந்தாது. ஒன்றரை அடுக்கு வரை இண்டியம் ஆர்சனைடு சமாளித்துக்கொண்டு தட்டையாகப் படியும். அதற்கு மேல் இறுக்கம் தாங்காமல் தானாகவே குட்டித் தீவுகளாகத் திரண்டுவிடும். அகலம் 20 நானோமீட்டர், உயரம் 5 நானோமீட்டர் போல இருக்கும். எங்கே திரளும் என்பது நம் கையில் இல்லை, அதுதான் இந்த முறையின் தலைவலி. ஆனால் சுற்றிலும் சுத்தமான படிகம் இருப்பதால் ஒளியின் தரத்தில் குடுவைத் துகள் இதன் பக்கத்தில்கூட வராது. இனி வரும் நுட்பமான பரிசோதனைகள் பெரும்பாலும் இந்தத் தீவுகளில் நடந்தவையே.

ஒரே ஒரு புள்ளியைத் தனியாகப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்து ஒளிர்ந்தால் நிறமாலையில் பல பத்து மில்லி எலக்ட்ரான்வோல்ட் அகலத்தில் ஒரு மொழுக்கையான மேடு தெரியும். ஒவ்வொன்றும் அளவில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுவதால் வரும் அகலம் அது.

தகட்டைத் திரவ ஹீலியத்தால் 4 கெல்வினுக்குக் குளிரவைத்து, நுண்ணோக்கி வழியாக லேசரை ஒரு மைக்ரோமீட்டர் அகலத்துக்குக் குவித்து, புள்ளிகள் அரிதாக உள்ள ஓரத்துக்கு மெல்ல நகர்த்துவார்கள். அந்த மேடு கலைந்து ஊசி ஊசியாகக் கோடுகள் எழும். இண்டியம் ஆர்சனைடு புள்ளி 900 முதல் 950 நானோமீட்டர் பக்கம், அகச்சிவப்பில், ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராதான் காட்டும். லேசரின் திறனைக் கூட்டினால் முதல் கோட்டுக்குச் சில மில்லி எலக்ட்ரான்வோல்ட் தள்ளி இன்னொரு கோடு முளைத்து வேகமாக வளரும். முதல் கோட்டைவிட இரட்டிப்பு வேகத்தில் ஏறினால் அது இரண்டு எக்ஸிட்டான்கள் ஒரே புள்ளியில் இருப்பதன் அடையாளம்.

எக்ஸிட்டான் சுமார் ஒரு நானோ நொடி உயிரோடு இருக்கும். அந்த ஆயுளுக்கு, நிச்சயமின்மைத் தத்துவப்படி கோட்டின் அகலம் 0.66 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் இருக்க வேண்டும். சாதாரணமாக அளக்கும்போது இதைவிடப் பல மடங்கு அகலமாகவே வரும். பக்கத்தில் எங்காவது ஒரு மின்சுமை இடம் மாறினால்கூடக் கோடு நகர்ந்துவிடுவதுதான் காரணம்.

இவ்வளவு குளிர வைப்பது எதற்கு?

படிக அதிர்வுகளை அடக்கத்தான். அறை வெப்பநிலையில் அதே புள்ளியின் கோடு பட்டையாக விரிந்துவிடும், எலக்ட்ரானும் புள்ளியை விட்டுத் தப்பிவிடும். கியூலெட் டிவியில் நிறம் தரும் குவாண்டம் புள்ளிகளுக்கு இந்தக் கவலை இல்லை, கோடு கொஞ்சம் அகலமாக இருந்தாலும் நிறம் நிறம்தானே.

செயற்கை அணு என்று சொல்கிறார்களே, சரியா?

பாதி சரி. தனித்தனி ஆற்றல் மட்டங்கள், கூர்மையான கோடுகள், ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டான் எல்லாம் அணுவின் குணங்கள்தான். ஆனால் இரண்டு சோடியம் அணுக்கள் அச்சு அசலாக ஒன்று, இரண்டு குவாண்டம் புள்ளிகள் ஒருபோதும் ஒன்றல்ல. தவிர, புள்ளி பல்லாயிரம் அணுக்கள் கொண்ட திடப்பொருள். அந்த அணுக்களின் கருச்சுழற்சிகளும் அதிர்வுகளும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானைச் சும்மா இருக்க விடாது. இந்தப் பெயர் விளம்பரத்துக்கு நல்லது, ஆராய்ச்சியில் உட்கார்ந்தால் வித்தியாசங்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

குடுவைத் துகள்கள் விட்டு விட்டு எரிகின்றன என்கிறார்கள். ஏன்?

தனித் துகளைத் தொடர்ந்து லேசரில் காட்டினால் சில நொடி ஒளிரும், சட்டென்று அணையும், மறுபடி ஒளிரும். 1996-இல் காட்மியம் செலினைடில் இதை முதலில் பதிவு செய்தார்கள். துகளிலிருந்து ஒரு எலக்ட்ரானோ துளையோ மேற்பரப்பில் உள்ள குறையில் போய் மாட்டிக்கொண்டால் துகள் மின்சுமை பெற்றுவிடும். அதன் பிறகு வரும் எக்ஸிட்டான் தன் ஆற்றலை ஒளியாக விடாமல் மிச்சமிருக்கும் சுமையிடம் கொடுத்துவிடுகிறது. துகளைச் சுற்றித் துத்தநாக சல்பைடு மாதிரி ஓடு ஒன்றைக் கட்டினால் சிமிட்டல் வெகுவாகக் குறையும்.

ஒற்றை ஃபோட்டான் என்கிறார்கள். மங்கலான லேசரும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும் சில சமயம் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து வரும், பல சமயம் ஒன்றும் வராது. குவாண்டம் புள்ளியில் எக்ஸிட்டான் ஒரு ஃபோட்டானை விட்டவுடன் புள்ளி காலி. மறுபடி நிரப்பினால்தான் அடுத்தது. இரண்டு எக்ஸிட்டான் இருந்த நேரத்தில் வந்த ஃபோட்டானின் ஆற்றல் வேறு என்பதால் அதை வடிகட்டியில் நிறுத்திவிடலாம். மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

இதை நிரூபிக்கும் சோதனை எளிமையானது. வரும் ஒளியைப் பாதிக்குப் பாதி பிரிக்கும் கண்ணாடியில் விட்டு, இரு பக்கமும் ஃபோட்டான் எண்ணும் கருவி வையுங்கள். ஒற்றை ஃபோட்டான் என்றால் இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் சத்தம் போடக் கூடாது. நேர வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டால் பூஜ்ஜியத்தில் பள்ளம் விழும். ஒரு லேசர் துடிப்புக்கு ஒரு ஃபோட்டான் என்று குவாண்டம் புள்ளியிலிருந்து வரவழைத்துக் காட்டிய ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வந்தது.

இந்த அமைப்புக்கு ஹான்பரி பிரவுன், ட்விஸ் என்ற இருவரின் பெயர். ராபர்ட் ஹான்பரி பிரவுன் நம் நீலகிரியில், அருவங்காட்டில் 1916-இல் பிறந்தவர். அவர் இதைச் செய்தது புள்ளிக்காக அல்ல, நட்சத்திரத்துக்காக. 1956-இல் சிரியஸின் விட்டத்தை இந்த வழியில் அளந்தார்.

இதுவரை பொருளை அடைப்பது பற்றியே பேசினீர்கள். ஒளியையும் அடைக்கலாமா?

இந்தத் துறையின் ருசியே இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். புள்ளியின் அளவு மாறினால் நிறம் மாறும் என்பதோடு பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. அது பாதிக் கதை.

பிரச்சினையைக் கவனியுங்கள். ஒளியின் அலைநீளம் பல நூறு நானோமீட்டர், புள்ளி சில நானோமீட்டர். வரும் ஃபோட்டான்களில் பெரும்பாலானவை புள்ளியைத் தொடாமலே போய்விடும். ஒரு தனிக் குவாண்டம் கிணறுகூட ஒரு தடவைக்குச் சுமார் ஒரு சதவீத ஒளியையே உட்கவரும். ஒளியை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஓட விட்டால் சந்திப்பு கூடும். நடைமுறையில் காலியம் ஆர்சனைடும் அலுமினியம் ஆர்சனைடும் மாறி மாறி, ஒவ்வொன்றும் கால் அலைநீளத் தடிமனில், இருபது முப்பது ஜோடி அடுக்கி 99 சதவீதத்துக்கு மேல் எதிரொளிக்கும் சுவராக்குகிறார்கள். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் கிணறோ புள்ளியோ. இதுதான் ஒளிக்குழி.

இதில் ஆச்சரியம், சந்திப்பு கூடுவது மட்டுமல்ல, எக்ஸிட்டானின் ஆயுளே மாறிவிடுகிறது. தானாக நடக்கும் உமிழ்வு என்பது எக்ஸிட்டானின் சொந்த விவகாரம் இல்லை. ஒளி போய் உட்கார எத்தனை இடம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. எட்வர்ட் பர்செல் 1946-இல் ஒரு சின்னக் குறிப்பாக, அதுவும் அணுக்கருக் காந்தத் திருப்புதிறனை மனத்தில் வைத்து, இதை எழுதினார். குழி ஒளியை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது, எவ்வளவு சிறிய கனஅளவில் பிடித்து வைக்கிறது, இந்த இரண்டின் விகிதம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். 1998-இல் பிரான்சில் ஜான் மிஷேல் ஜெராரின் குழு, தூண் வடிவக் குழிக்குள் இருந்த குவாண்டம் புள்ளிகள் ஐந்து மடங்கு வரை வேகமாக உமிழ்வதைக் காட்டியது. குழியின் நிறத்தோடு புள்ளியின் நிறம் ஒத்துப்போக வேண்டும், புள்ளி குழியின் சரியான இடத்தில் இருக்கவும் வேண்டும். புள்ளி எங்கே திரளும் என்பது நம் கையில் இல்லை என்று முன்பு சொன்னது இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும்.

குழியை இன்னும் நல்லதாக்கிக்கொண்டே போனால்?

ஒரு கட்டத்துக்கு மேல் ஃபோட்டான் வெளியே கசிவதற்கு முன் புள்ளி அதைத் திரும்ப உட்கவர்ந்துவிடும், மறுபடி உமிழும், மறுபடி உட்கவரும். ஒரே உத்தரத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டிய இரண்டு ஊஞ்சல்களில் ஒன்றை ஆட்டிவிட்டால் ஆட்டம் அடுத்ததற்குப் போய்த் திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குதான். இந்த நிலையில் இது எக்ஸிட்டான், இது ஃபோட்டான் என்று பிரித்துச் சொல்வதற்கு அர்த்தம் இல்லை. இரண்டும் கலந்த புது நிலைகள் இரண்டு உருவாகும். அவைதான் போலாரிட்டான்கள்.

குவாண்டம் கிணறு வைத்த குழியில் 1992-இல் கிளோட் வைஸ்புஷும் ஜப்பானியச் சகாக்களும் இதைக் கண்டார்கள். ஒற்றைப் புள்ளியில் காண இன்னும் பன்னிரண்டு வருடம் ஆனது. 2004-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழுவும் ஓர் அமெரிக்கக் குழுவும் ஒரே நேரத்தில் வெளியிட்டன.

அந்த அளவீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். திரையில் இரண்டு கோடுகள், ஒன்று புள்ளியுடையது, ஒன்று குழியுடையது. வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் புள்ளியின் கோடு குழியின் கோட்டைவிட வேகமாகச் சிவப்புப் பக்கம் நகரும். இரண்டும் நெருங்கும். குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் வெட்டாமல், சற்று இடைவெளி விட்டு விலகிப் போய்விடும். விலகும்போது குணத்தையும் மாற்றிக்கொள்ளும்: கூர்மையாக இருந்தது அகலமாகும், அகலமாக இருந்தது கூர்மையாகும். அந்த இடைவெளி வூர்ட்ஸ்பர்க் அளவீட்டில் 140 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். கோடுகளின் அகலம் இதைவிடப் பெரியதாக இருந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது.

போலாரிட்டானால் என்ன பிரயோசனம்?

பாதி ஒளி என்பதால் அது மகா லேசானது. எலக்ட்ரான் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. பாதி பொருள் என்பதால் ஒன்றோடொன்று மோதும், சாதாரண ஃபோட்டான்கள் அப்படிச் செய்வதில்லை. குளிரவைத்த துகள்கள் கூட்டமாக ஒரே குவாண்டம் நிலைக்கு வந்து சேர்வதைப் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம் என்கிறோம். அது நடக்கும் வெப்பநிலை நிறை குறையக் குறைய ஏறும். 1995-இல் ருபிடியம் அணுக்களை ஒடுக்க ஒரு கெல்வினில் கோடியில் சில பங்கு வரை குளிர வைக்க வேண்டியிருந்தது. 2006-இல் காட்மியம் டெல்லுரைடு குழியில் போலாரிட்டான்கள் சில கெல்வினிலேயே ஒடுங்கின. ஆனால் இவை சில பிகோ நொடிகளில் கசிந்துவிடுவதால், லேசர் தொடர்ந்து நிரப்பிக்கொண்டே இருக்கும் கூட்டம் இது. இதை ஒடுக்கம் என்பதா, ஒரு வகை லேசர் என்பதா என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது.

இதை வைத்துக் குவாண்டம் கணினி கட்டலாமா?

ஒற்றை ஃபோட்டான் மூலங்களாகக் குவாண்டம் புள்ளிகள் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. ரகசியத் தகவல் தொடர்புக்கும் ஃபோட்டான் கணிப்புக்கும் உதவுகின்றன. புள்ளிக்குள் உள்ள எலக்ட்ரானின் சுழற்சியையே குவிட்டாக, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகாக, ஆக்கலாம் என்று 1998-இல் லாஸ், டிவின்சென்சோ இருவரும் முன்மொழிந்தார்கள். அது மின்முனைகளால் உருவாக்கும் வேறு வகைப் புள்ளி, அதில் ஒளிக்குப் பெரிய வேலை இல்லை.

கியூலெட் டிவியில் இருப்பது உண்மையிலேயே குவாண்டம் புள்ளிதானா?

பெயரைப் பார்த்தால் புள்ளிகளில் மின்சாரம் பாய்ந்து ஒளி வருவது மாதிரி தோன்றும். கடையில் விற்கும் பெரும்பாலான டிவிகளில் அப்படி இல்லை. பின்னால் 450 நானோமீட்டர் அருகே ஒளிரும் நீல எல்இடி, அதன் முன் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் தோய்த்த ஒரு தாள். நீலத்தின் ஒரு பகுதியைத் தின்று புள்ளிகள் பச்சையும் சிவப்பும் தருகின்றன. அந்த நீல எல்இடிக்குள்ளும் குவாண்டம் கிணறுகள் இருக்கின்றன என்பதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை!

காட்மியம் நஞ்சாயிற்றே?

ஆமாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி மின்னணுப் பொருளில் காட்மியம் எடையில் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிவிகளில் பெருமளவு இண்டியம் பாஸ்பைடுக்கு மாறிவிட்டார்கள். அதன் நிறப்பட்டை காட்மியம் செலினைடைவிடக் கொஞ்சம் அகலம். தாள் மூடி முத்திரையிட்டுத்தான் வருகிறது, டிவி பார்ப்பதால் ஆபத்து இல்லை. பழைய டிவியைப் பிரித்துத் தாளைக் கிழித்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

வீட்டிலேயே இதைக் கொஞ்சம் பார்க்க வழி உண்டா?

பழைய டிவிடி ஒன்றும் அட்டைப்பெட்டி ஒன்றும் போதும். பெட்டியின் ஒரு முனையில் பிளேடால் மெல்லிய பிளவு, மறுமுனையில் சாய்வாக டிவிடித் துண்டு, அதைப் பார்க்க ஒரு துளை. முதலில் வெள்ளை எல்இடி பல்பைப் பாருங்கள்: நீலம் தனியாக, அப்புறம் பச்சையிலிருந்து சிவப்பு வரை ஒரே இழுவையாக ஒரு பட்டை. அடுத்து டிவியில் முழு வெள்ளைப் படத்தைப் போட்டுப் பாருங்கள். குவாண்டம் புள்ளித் தாள் இருந்தால் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் நடுவில் இருள் விட்டுத் தனித்தனியாக நிற்கும். சிவப்பு மட்டும் வழுவழுப்பான ஒரே பட்டையாக இல்லாமல் மெல்லிய கோடுகளாகப் பிரிந்து தெரிந்தால் அது புள்ளி இல்லை. மாங்கனீசு கலந்த பொட்டாசியம் ஃபுளோரோசிலிகேட் என்ற ஒளிரும் பொருள் (பாஸ்பர்). அகன்ற நிறம் காட்டுவதாகச் சொல்லும் டிவிகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது.